21 நாள் கணக்கு

ஞாயிறு

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர், மதுரையில் ஒரு மருத்துவமனையில் அதிகாலையில் காலமானார். ஆம்புலன்ஸ், பந்தல், சொந்தபந்தங்களுக்குத் தகவல் என்று மூத்த மகன் அலைந்துகொண்டிருந்தபோது, இறந்தவரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள். அழுதுகொண்டே யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்தார். இறப்புப் பதிவேட்டில் ஏறப்போவது அந்தத் தாளில் உள்ளதுதான். மருத்துவமனையில் நடந்த இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவரின் கடமை.

செவ்வாய்

பால் தெளித்து முடிந்ததும் மகன் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனார். அவர் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அப்பா தவறுனது மதுரையிலதானே? அப்ப மாநகராட்சியிலதான் பதிவாகும். நான் போட முடியாது."

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் உயிர் பிரிந்த இடத்தைத்தான் பார்க்கிறது. சொந்த ஊர், ஆதார் முகவரி, எரித்த மயானம் எதுவும் கணக்கில் வராது. சென்னையில் மகள் வீட்டில் கண்மூடிய தாய்க்கும் பதிவு சென்னையில்தான். இதே பெரியவர் ஊரில் வீட்டிலேயே இறந்திருந்தால், அந்த அலுவலரே பதிந்திருப்பார். கடைசி நோயில் வைத்தியம் பார்த்த மருத்துவர், இறப்பின் காரணத்தைக் குறித்துச் சான்று தர வேண்டும். அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பதும் சட்டம்.

வெள்ளி

துக்கம் விசாரிக்க வந்த சித்தி, தன் வீட்டுக் கதையைச் சொன்னார். சித்தப்பா வீட்டிலேயே இறந்து பல வருடமாகிறது. யாரும் பதியவில்லை. நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. பிள்ளைகள் விற்கவும் முடியவில்லை, கடன் வாங்கவும் முடியவில்லை.

இறந்த 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு போகும். அதற்கு மேல், ஓராண்டு வரை, உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால், அந்த இறப்பு பதிவேட்டில் இல்லை என்ற சான்றை முதலில் வாங்கிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும். முன்பு நீதித்துறை நடுவரின் ஆணை தேவைப்பட்டது. இப்போது அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்றோரிடம் இருக்கிறது. சித்தி வீட்டுக்கு வழி அடைபடவில்லை. ஆனால் முதல் வாரத்தில் ஒரு நடையில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

திங்கள்

மகனுக்கு அந்தத் தாளின் நினைவு வந்தது. மருத்துவமனையில் போய்க் கேட்டால், ஆதாரில் உள்ள பெயருக்கும் தாளில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். விவரம் இன்னும் பதிவாளரிடம் போகவில்லை. ஆதார் நகலைக் காட்டியதும் திருத்திக் கொடுத்தார்கள். பதிவான பிறகும் திருத்தலாம்தான். அதற்கு விண்ணப்பம், ஆதாரங்கள், விசாரணை என்று நாள் இழுக்கும். அந்த ஓர் எழுத்துக்காக வங்கியில் பணம் முடங்கிய குடும்பங்கள் உண்டு.

வியாழன்

சான்றிதழ் வந்துவிட்டது. பதிவு முடிந்த 7 நாளுக்குள் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தம். தமிழ்நாட்டில் கியூஆர் குறியீட்டோடு இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

இனி வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ். பிறகு பட்டா மாற்றம், வங்கிக் கணக்கு, காப்பீடு, அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். எந்த அலுவலகத்திலும் முதலில் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான்.

பல குடும்பங்களில் கருமாதி 16-ஆம் நாள். அதுவரை வீட்டில் பலருக்கும் காகித நினைப்பு வராது. முடிந்து பார்த்தால் மிச்சம் 5 நாள். ஆகவே துக்க வீட்டுக்குப் போகிற மருமகனோ பங்காளியோ, அழுது களைத்த குடும்பத்தில் ஒருவரைத் தனியே அழைத்து, "பதிவு பண்ணியாச்சா, பேரு சரியா இருக்கா?" என்று கேளுங்கள். பண்ணவில்லை என்றால், அன்றைக்கே கூடப் போய்வாருங்கள்.