வேலூரா, தஞ்சாவூரா?

வேலூர் வி.ஐ.டி., தஞ்சாவூர் சாஸ்த்ரா இரண்டும் 1984-ல் பொறியியல் கல்லூரிகளாகப் பிறந்து, 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆனவை. ஜாதகம் ஏறக்குறைய ஒன்று. அதனால்தான் இரண்டிலும் இடம் கிடைத்த வீட்டில் தூக்கம் போய்விடுகிறது.

என் நண்பர் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. மகளுக்கு இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். 'எது சார் பெஸ்ட்?' என்றார். சித்தப்பா வேலூர் என்கிறார். மாமா தஞ்சாவூர் என்கிறார். இருவர் பிள்ளைகளும் அங்கங்கே படித்தவர்கள். வேறு காரணம் இல்லை.

நான் பெயர்களை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னேன்.

முதலாவது, பாடம் நடக்கும் முறை. வி.ஐ.டி.யில் பாடத்தை, ஆசிரியரை, வகுப்பு நேரத்தை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவு தொடங்கியதும், பேர்பெற்ற ஆசிரியரின் வகுப்பு தீபாவளி ரயில் டிக்கெட் மாதிரி தீர்ந்துவிடும். சுயமாக முடிவெடுக்கும் பிள்ளைக்கு இது வரம். சாஸ்த்ராவில் தனி நுழைவுத் தேர்வு கிடையாது; ப்ளஸ் டூ மார்க்கும் ஜே.இ.இ. மெயினும்தான். கும்பகோணத்தில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பராமரிப்பவர்கள் அவர்கள்தான். அதற்காக, அங்கே சேர்ந்தால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ராமானுஜனே கும்பகோணம் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பை இழந்தவர்.

இரண்டாவது, சம்பளம். விளம்பரப் பலகையில் இருப்பது ஒரே ஒரு மாணவரின் பேக்கேஜ். அதைப் பார்க்காதீர்கள். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்வி நிறுவனங்கள் கொடுக்கும் விவரத்தை அவரவர் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் என்ன என்று அதில் இருக்கும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் மீடியன். நம் பிள்ளை அநேகமாக அவர் பக்கத்தில்தான் நிற்கப்போகிறது.

மூன்றாவது, கட்டணம். வி.ஐ.டி.யில் ரேங்க்கைப் பொறுத்து ஐந்து கேட்டகரி. ஒரே வகுப்பு, ஒரே பட்டம். ஆனால் முதல் கேட்டகரிக்கும் ஐந்தாவதுக்கும் கட்டணத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நண்பர் மகளுக்கு நான்காவது. தஞ்சாவூருடன் ஒப்பிட்டு நாலு வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தபோது, நண்பர் வாய் திறக்கவில்லை. விழுப்புரத்து வீட்டுப் பத்திரத்தை ஏற்கெனவே பீரோவிலிருந்து எடுத்து வைத்திருந்தார்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் நல்ல இடம் பிடித்த நிறுவனங்களில் சேர்ந்தால் ஈடும் ஜாமீனும் இல்லாமல் கல்விக் கடன் உண்டு என்றேன். பத்திரம் பீரோவுக்குத் திரும்பலாம். ஆனால் ஈடு வேண்டாம் என்றால் வட்டி வேண்டாம் என்று அர்த்தமில்லை.

அதுவரை பேசாமல் இருந்த பெண் கேட்டாள்: "அங்கிள், லோன் யார் பேர்ல இருக்கும்?"

"உன் பேர்லதாம்மா. அப்பா கூட கையெழுத்துப் போடுவார்."

"அப்ப நானே சொல்றேன். தஞ்சாவூர்."

அவள் முதல் கேட்டகரியில் வந்திருந்தால் வேலூர் என்று சொல்லியிருப்பாள். அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு இடத்திலும் பணம் கட்டிவிட்டுத் தவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, அறிவிக்கப்பட்ட கடைசி சேர்க்கைத் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. எழுத்தில் கேளுங்கள். தேதி போட்டுக் கேளுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயர் முதல் இன்டர்வியூ வரைக்கும் கூட வரும். இ.எம்.ஐ. அதற்கப்புறமும் வரும்.