சோத்துக்கு முன்னாடி ஸ்டேஷன்

கேச்சியாவ், ஷாவ்சிங்
2025 டிசம்பர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் குளிரைத் திட்டு. ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊர்களில் சர்க்காரே குழாய் போட்டு வீட்டைச் சூடாக்கித் தருகிறதாம். இந்த ஊர் ஆற்றுக்குத் தெற்கே மாட்டிக்கொண்டது. வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட்டும் குல்லாவுமாக உட்கார்ந்திருக்கிறோம்.

வந்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட் ஒரு கட்டடத்தில் அடங்குவதல்ல, ஒரு ஊரே துணிக்கடை. பாலியஸ்டர், ஸ்பான்டெக்ஸ் என்று தொட்டுத் தொட்டு விரல் மரத்துப் போச்சு. சில ரக செயற்கை நிட் துணியைக் கிலோ மூன்றரை டாலருக்குக் கீழே இறக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் டெல்லி உத்தரவு போட்டதே, அதைச் சொன்னால் கடைக்காரன் சிரித்துக்கொண்டே கால்குலேட்டரில் வேறொரு எண்ணைத் தட்டிக் காட்டுகிறான். மீதியை நேரில் பேசிக்கொள்வோம்.

தங்கியிருப்பது நம்ம காங்கயத்துப் பையன் வீட்டில். பத்து வருஷம் முன்னால் மெர்ச்சன்டைசராக இருந்தானே, அவன்தான். நீ அவன் கல்யாணப் படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பாய். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, பக்கத்தில் நம்ம பையன், மேலே ‘சீனப் பெண்ணை மணந்த தமிழ் இளைஞர்’ என்று தலைப்பு. வருஷத்துக்கு நாலு படம் இப்படி வருகிறது. மறுநாள் அந்தப் பொண்ணு எந்த விசாவில் சமையல் பண்ணுகிறாள் என்று எந்தப் பேப்பரும் எழுதுவதில்லை.

குவாங்சோவில் இறங்கி, பகல் முழுக்க ரயிலில் வந்து, இருட்டின பிறகு வீட்டுக்குப் போனேன். கல்கத்தா - குவாங்சோ நேர் விமானம் அக்டோபர் 26 முதல் மறுபடி பறப்பதால் பாங்காக்கைச் சுற்றுகிற கொடுமை மட்டும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அரிசிம்பருப்பு சாதத்தின் வாசம். நெய் காய்கிறது. வயிறு கூப்பாடு போடுகிறது. அந்தப் பொண்ணு கை கழுவத் தண்ணீர் காட்டவில்லை. கையை நீட்டி, “பாஸ்போர்ட் குடுங்ணா” என்றாள்.

ஹோட்டலில் இறங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீட்டில் தங்குகிற வெளிநாட்டுக்காரன் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். “காலையில போலாமுங்” என்று நம்ம பையன் இழுத்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூன்று பேரும் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சோறு அடுப்பில்.

ஸ்டேஷன் என்றால் நம்ம ஊர் ஸ்டேஷன் இல்லை, பேங்க் கவுண்டர் மாதிரி. சின்ன வயசுப் போலீஸ்காரர், பக்கத்தில் பிளாஸ்க்கில் டீ. வீட்டுப் பத்திரம், அவள் அடையாள அட்டை, என் பாஸ்போர்ட், விசாப் பக்கம், குவாங்சோ முத்திரை எல்லாம் போனது. டைப் அடித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். குடும்பப் பெயர் எங்கே?

நமக்கு ஏது குடும்பப் பெயர்! பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. கம்ப்யூட்டரோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்ததுக்குப் போக மாட்டேன் என்கிறது. போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரைக் கண்டுபிடித்து, அதுதானா என்று கேட்கிறார். இல்லை என்கிறாள் அவள். பிறகு என் பெயரையே ரெண்டாகப் பிளந்து பாதியைக் குடும்பப் பெயர் ஆக்கப் பார்த்தார். நம்ம பையன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான், இதை எத்தனையோ தடவை பார்த்தவன். எனக்குப் பசியில் எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. உலகத்துக்கே பனியன் தைத்துப் போடுகிற திருப்பூர்க்காரனுக்கு ஒரு கட்டத்தில் அடைக்கப் பெயரில்லை என்றால் யாருடைய குறை அது? கடைசியில் மேலதிகாரி ஒருத்தர் வந்து, ஏதோ ஒரு பொத்தானை அமுக்கி, கட்டத்தைக் காலியாகவே தாண்ட வைத்தார். ஒரு சீட்டு வந்தது. ஆறிப்போன அரிசிம்பருப்பைச் சுட வைத்துச் சாப்பிடும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. கூட அவள் அம்மா செய்த காய்ந்த கடுகுக்கீரைப் பொரியல், இந்த ஊர்ச் சரக்கு, நன்றாகவே இருந்தது. அவள் அப்பா சூடு பண்ணிக் குடிக்கிற அரிசி மதுவைப் பற்றி எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தை என் தங்கச்சியும் படிப்பாள்.

சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பையனின் மகள், ஆறு வயசு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போட்டிருந்த தெர்மலைக் கை தானாகப் பிடித்துப் பார்த்தது. இன்டர்லாக், 200 ஜிஎஸ்எம் இருக்கும், கழுத்து ரிப் மட்டும் மோசம். பேர் கேட்டேன். அம்மாவின் குடும்பப் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். அப்பாவுக்குத்தான் கட்டம் காலியாயிற்றே! இங்கே குழந்தைக்கு அப்பா பெயரோ அம்மா பெயரோ வைக்கலாம், இவர்களுக்கு ஒன்றுதான் கையில் இருந்தது. ஹுகோவ் என்று ஒரு குடும்பப் புத்தகம், நம்ம ரேஷன் கார்டு மாதிரி, ஆனால் பள்ளிக்கூடம் வரைக்கும் அதுதான் முடிவு பண்ணும். அதில் பிள்ளை பெயர் ஏறிவிட்டது. அவள் சீனக் குடிமகள். சீனாவும் ரெட்டைக் குடியுரிமை ஒப்புக்கொள்வதில்லை, நாமும் இல்லை. காங்கயத்துத் தாத்தாவைப் பார்க்கப் பேத்தி இந்திய விசா வாங்க வேண்டும். குலதெய்வத்துக்கு நேர்ந்த மொட்டை இன்னும் அப்படியே நிற்கிறது, பின்னல் இடுப்புக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று அவள் இப்போது மொட்டைக்கே சம்மதிப்பதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததையும் சொன்னான். இங்கே பதிவு பண்ண, தான் கல்யாணமாகாதவன் என்று சான்று வேண்டும். நம்ம இ-சேவையில் திருமணமாகாதவர் சான்று தருகிறார்கள் இல்லையா, அதற்கு விஏஓ விசாரிக்க வருகிறார். ஊருக்கே தெரிந்துவிட்டது. அவன் அப்பா கேட்டது ஒரே கேள்வியாம்: “அந்தப் புள்ள என்ன கூட்டம்?” நாம் ஒரே கூட்டத்துக்குள் கட்டாத மாதிரி, சீனர்களிலும் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டக் கூடாது என்று பழைய காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. அதைச் சொல்லி, இவர்கள் நம்ம ஆந்தை கூட்டமும் இல்லை, பங்காளியும் இல்லை என்று பையன் சொன்னதும் மனுஷன் சரி என்றுவிட்டார்.

கேட்கச் சிரிப்பு வருகிறது. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பக்கத்து ஊரில் வேற சாதிப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தால் இதே மனுஷர் இதே கேள்வியோடு நின்றிருப்பாரா? 2016-ல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், வேற சாதிப் பெண்ணைக் கட்டிய சங்கரை வெட்டிக் கொன்றது நம்ம மாவட்டத்தில்தான். சீனாக்காரிக்கு நம்ம சாதிக் கணக்கில் இடமே கிடையாது, அதனால் தப்பிக்கிறாள். இதைப் பெருந்தன்மை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, விசாவுக்கு வருகிறேன். கட்டினவளோடு இருப்பதற்கென்று இங்கே ஒரு அனுமதி இருக்கிறது. அதில் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. அதாவது சட்டமே நம்ம பையனை வீட்டோட மாப்பிள்ளை ஆக்குகிறது. திருப்பூருக்கே வந்துவிடலாமே என்றால், அங்கே அவளுக்கு மனைவி என்று தருகிற விசாவிலும் அதே கதை, வேலை கூடாது. எந்த நாட்டில் இருந்தாலும் ஒருத்தர் சும்மா உட்கார வேண்டும். இவர்களுக்குள்ளே சண்டை வந்தால் உப்பு புளிக்காக வருவதில்லை, அவள் மீன் சாஸும் இவன் நல்லெண்ணெயும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. யார் சம்பாதிக்கிற நாட்டில் இருப்பது என்பதில்தான் சண்டை. இப்போதைக்கு ஒரு டிரேடிங் கம்பெனி இவனுக்கு வேலை அனுமதி எடுத்துக் கொடுத்திருக்கிறது. வேலை போனால் அந்த அனுமதியும் போகும்.

நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். கல்யாணமாகி 5 வருஷம், தொடர்ந்து 5 வருஷம் இங்கே வாசம், அதிலும் வருஷத்துக்கு 9 மாசத்துக்குக் குறையக் கூடாது. 2020 பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். விமானம் நின்றது, மார்ச்சில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சீனா கதவைச் சாத்தியது. நம்மூரில் இருக்கிற குடும்பத்தாருக்கு அந்தக் கதவு திறந்தது 2022 ஜூனில். வருஷக் கணக்கு அறுந்து, முதலிலிருந்து நூல் கோர்க்கிறான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மூன்று மாசத்துக்கு மேல் ஊரில் தங்கினால் மறுபடி அறும்.

அந்த ரெண்டு வருஷக் கதை தனி. அவர்கள் பேசுவதெல்லாம் வீசாட்டில். 2020 ஜூன் 29-ல் டெல்லி தடை போட்ட 59 செயலிகளில் அதுவும் ஒன்று. நம்ம வாட்ஸப் இங்கே ஏற்கெனவே ஓடாது. கல்வானில் நடந்த சண்டைக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி பேச வழியில்லாமல் போனது. கடைசியில் பையர் மீட்டிங் நடத்துகிற டீம்ஸில் பேசினார்களாம். நடக்கப் பழகிய வயசில் பிள்ளை அப்பாவைப் பார்த்ததெல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான். நேரில் வந்தவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா பின்னால் ஒளிந்துகொண்டதாம்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது எனக்கு நடுவட்டம் ஞாபகம் வந்தது. கூடலூர் போகும்போது டீ குடிக்க நிறுத்துவோமே, அந்த ஊர். போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில், மலாய்ப் பக்கத்து வெள்ளைக்கார ஆட்சியில் ஜெயில் போதாமல், சீனக் கைதிகளைக் கப்பலேற்றி நீலகிரிக்கு அனுப்பினார்கள். சின்கோனாத் தோட்டத்தில் வேலை. விடுதலையானதும் சிலர் அங்கேயே தங்கி, நம்ம பெண்களைக் கட்டி, காபி பயிரிட்டு, காய்கறி விளைவித்து, பால் விற்றுப் பிழைத்தார்கள். சென்னை மியூசியத்து எட்கர் தர்ஸ்டன் அங்கே போய் அந்தப் பிள்ளைகளையும் அளந்து எழுதி வைத்தார். அந்தக் குடும்பங்களிடம் யாரும் 9 மாசக் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. கைதியாக வந்தவனுக்கு இருந்த சௌகரியம் கட்டிக்கொண்டு வந்தவனுக்கு இல்லை.

 

உன்னிடம் ஒரு காரியம். பள்ளிக்கூட லீவில், தை மாசம், மூவரும் காங்கயம் வருகிறார்கள், விசா கைக்கு வந்தால். வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் நம்ம ஊரிலும் 24 மணி நேரத்துக்குள் படிவம் போட வேண்டும், மாமனார் வீடானாலும் சரி. மருமகளும் பேத்தியும் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று அந்தப் பெரியவர் சர்க்காருக்கு ஆன்லைனில் சொல்ல வேண்டும். அவருக்கு ஓடிபி என்றாலே கை நடுங்கும். உன் பையனை லேப்டாப்போடு அன்றைக்குச் சாயங்காலமே அனுப்பு. சோறு போட்ட பிறகு போடலாம் என்று அவர் சொல்வார், கேட்காதே.

இன்னொன்று, அனுப்பிய சாம்பிள் துண்டுகளில் கரு நீலத்தை ஈரத் துணியில் தேய்த்துப் பார்த்தேன், சாயம் விடுகிறது. அந்த ரகத்துக்கு ஆர்டர் உறுதி பண்ண வேண்டாம் என்று ஆபீசில் சொல்லிவிடு. மற்றதெல்லாம் சரி.

உன் மச்சான்