எயிற்பட்டினத்து ஒட்டகம்

திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94 சூது. 95 மருந்து. இது வள்ளுவர் வைத்த வரிசையா, பின்னால் வந்தவர்கள் அடுக்கியதா என்பதைப் புலவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அடுக்கியவர் யாராக இருந்தாலும் சனி, ஞாயிறு என்றால் என்னவென்று தெரிந்த ஆள். முதலில் குடி, பிறகு ஆட்டம், அப்புறம் வைத்தியர்.

முதல் இரண்டையும் ஒரே மேசையில் மீறும் வாய்ப்பு அக்கா மகனால் வந்தது. அவனுக்குப் பெங்களூரில் வேலை. பங்குனி வெயிலில் கிளியனூருக்கு வந்தவன், சனிக்கிழமை சாயங்காலம், "மாமா, பாண்டிக்குப் போலாம். அங்கயே லோக்கலா காய்ச்சின கிராஃப்ட் பீர் கிடைக்குது" என்று கிளப்பினான். பையில் 'கட்டான்' என்ற பலகை ஆட்டத்தையும் போட்டுக்கொண்டான். காசு வைக்காமல் ஆடினால் அது சூதே ஆகாது என்று வழியெல்லாம் வாதாடினான். தோற்றவர் பில் கட்டவேண்டும் என்று ஆனபிறகு அந்த வாதம் நிற்கவில்லை.

கட்டானை உருவாக்கியவர் கிளாவுஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர். செயற்கைப் பல் செய்யும் தொழில் பார்த்தவர். 1995இல் ஆட்டம் வெளிவந்தது. அறுகோண வில்லைகளை அடுக்கினால் ஒரு தீவு. பகடை உருட்டி செங்கல், மரம், ஆடு, கோதுமை, தாது என்று ஐந்து சரக்கைச் சேர்த்து, பக்கத்து ஆளோடு பண்டமாற்றுப் பேசி, சாலையும் வீடும் கட்டவேண்டும். கரையைச் சுற்றித் துறைமுகங்கள்கூட உண்டு. இத்தனையும் யோசித்த மனுஷன் உப்பை வைக்கவில்லை. நாலு பக்கமும் கடல், நடுவில் பண்டமாற்று, உப்பு மட்டும் கிடையாது. மரக்காணத்துப் பாத்திகளில் வெள்ளை அம்பாரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெரிய குறை. அந்தத் தீவில் ஆட்டுக்கறியை எப்படித்தான் தின்கிறார்கள் என்று கேட்டேன். "மாமா, உங்க ஆட்டம்" என்றான்.

பீர்க் கடைக்காரர்களும் ஒரு அலமாரியில் ஆட்டப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். லூடோ இருந்தது, நம் பச்சிசியை நறுக்கிச் சுருக்கி 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய சரக்கு. பாம்பும் ஏணியும் இருந்தது. நம் பரமபதத்தின் உறவுமுறைதான், 1892 வாக்கில் லண்டன் கடைக்குப் போய், வைகுண்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியோடு திரும்பி வந்தது. ஆடுபுலி ஆட்டம் இல்லை. அதற்குப் பெட்டியும் வேண்டாம். திண்ணையில் கரிக்கட்டியால் கோடு இழுத்தால் பலகை, புளியங்கொட்டை 15 ஆடு, கூழாங்கல் 3 புலி.

ஆட்டப் பலகை என்றாலே எனக்குப் புறநானூற்றின் 52ஆம் பாட்டு நினைவுக்கு வந்துவிடும். மதுரை மருதன் இளநாகனார் பாடியது. பாண்டியனின் பகைவர் நாடு பாழாகிக் காடாகப் போகிறது என்று சொல்ல வேண்டும். எரிந்த கோட்டையையோ பிணத்தையோ காட்டி முடிக்கவில்லை அவர். ஊர்ப் பொதுவிடம். தெய்வம் போய்விட்டது, பலி நின்றுவிட்டது. நரைத்த கிழவர்கள் காய் வைத்து வைத்து ஆடியதில் தரையில் விழுந்த குழிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்தக் குழி நிறையக் காட்டுக்கோழி முட்டையிட்டு வைத்திருக்கிறது. தினமும் வந்து உட்கார்ந்து, ஒரே இடத்தில் காயைத் தட்டித் தட்டி வைத்தால்தான் தரை குழியும். அத்தனை வருஷத்து வெட்டிப்பேச்சையும் ஒரு முட்டையளவு பள்ளத்தில் காட்டிவிட்டார்.

இதற்குள் பீர் வந்தது. கோதுமையில் காய்ச்சிய பெல்ஜியம் வகை, கலங்கலான மஞ்சள். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்களாம். தனியா போட்ட பானத்தை நாங்கள் ரசம் என்போம். குறை சொல்ல முடியாது, நன்றாகவே இருந்தது, இன்னொன்றும் வாங்கினேன். ஆனால் 'லோக்கல்' என்று அவன் சொன்னதைத்தான் விடமுடியவில்லை. கோதுமையும் பார்லியும் வடக்கே விளைந்தவை, ஹாப்ஸ் கப்பலில் வந்தது, வகை பெல்ஜியத்தது. உள்ளூர்ச் சரக்கு தண்ணீரும் காய்ச்சின அண்டாவும்தான்.

இந்தக் கரையின் உள்ளூர்ச் சரக்கு எதுவென்று சிறுபாணாற்றுப்படையில் விலாசத்தோடு இருக்கிறது. நல்லூர் நத்தத்தனார் பாடியது, 269 அடி. தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவன் ஊரான கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் அடக்கம். வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது பலருடைய முடிவு. அங்கே போகும் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று புலவர் ஆசை காட்டுகிறார். அலை ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக்கி, கரும்புகை எழத் தீ மூட்டுகிறார்கள். நிலவே ஏங்கும் முகமுடைய நுளையர் பெண் அரித்துக் கொடுத்த, நாள்பட்டுத் தெளிந்த கள். பரதவர் அதை ஊற்றிக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ளக் காய்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவார்கள். வீட்டுக்கு வீடு கிடைக்கும் என்கிறார். அரித்துக் கொடுப்பவள் பெண், விறகு கடல் கொடுத்தது, சைடு டிஷ் சுட்ட கருவாடு, பில் கிடையாது.

அந்த விறகுக் கட்டைகள் கரையில் கிடந்த கோலம் என்னை ரொம்ப நாளாகப் படுத்துகிறது. நெட்டை ஒட்டகம் படுத்துத் தூங்குவது போல் கிடந்தன என்கிறார் நத்தத்தனார். ஓய்மாநாட்டில் ஒட்டகம் ஏது? பிராணியைத் தமிழருக்குத் தெரியாமல் இல்லை. ஒட்டகத்தின் பெண்ணைப் பெட்டை என்று சொல்லலாம் என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. அகநானூற்றில் காட்டு வழியில் காய்ந்த எலும்பைத் தின்று பசியாறும் ஒட்டகம் ஒன்று வரும்; அதையும் பாடியது முட்டைக்காரர் இளநாகனார்தான். ஆனால் நத்தத்தனாருடைய ஒட்டகம் தூங்குகிறது. கழுத்தை மணலில் நீட்டிப் போட்டு, திமில் மேடு தெரியக் கிடக்கும் ஒட்டகத்தைக் கிட்ட நின்று பார்க்காதவனுக்கு அந்த உவமை வராது. துறைமுகத்தில் யாரோ வியாபாரி இறக்கியதா, வடக்கிலிருந்து நடந்து வந்ததா என்று மூன்றாவது கோப்பைவரை யோசித்தேன். அக்கா மகன் ஒரே வரியில் முடித்தான்: "வீட்டுக்கு வீடு குடிச்சிட்டு வந்து பாத்திருப்பாரு மாமா."

ஞாயிறு காலை என் முறை. புதுச்சேரி எல்லைக்குள் ஒரு கிராமத்துக் கள்ளுக்கடைக்கு அவனைக் கூட்டிப்போனேன். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், சட்டம் சுண்ணாம்பில் நிற்கிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதன் பாளையில் வடிவதைச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடித்தால் பதநீர். தடவாமல் பிடித்தால் 1987 ஜனவரி 1 முதல் குற்றம். 2023 மே மாதம் இதே மரக்காணத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, குடித்தவர்களைத் திட்டியவர்கள் நிறைய. பக்கத்தில் பனை நிற்க அவர்கள் விஷத்தைக் குடிக்க நேர்ந்தது ஏன் என்று கேட்டவர்கள் கொஞ்சம்.

கடையில் ஈ மிதந்த நுரையைப் பன்னாடையில் வடித்துக் கொடுத்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது வாங்கிய 'பன்னாடை' என்ற திட்டு, தன் சொந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. காலைக் கள்ளுக்கு லேசான இனிப்பு, பின்னால் ஒரு புளிப்பு. மதியத்துக்குள் நொதித்துப் புளிப்பே மிஞ்சிவிடும். பெங்களூர்க்காரன் முகத்தைச் சுளித்து, அப்புறம் கவனமாக ஒரு வாய் குடித்து, "ஃபங்கி" என்றான். பாராட்டுத்தானாம். குழல்மீன் இல்லை. காரமாக வறுத்த நெத்திலி இருந்தது.

திரும்பும்போது திண்டிவனம் சாலையில் வண்டியை நிறுத்திச் சோதித்தார்கள். பாட்டில் எதுவும் வாங்கிவரவில்லை. ஆனால் பையைத் தூக்கியதும் உள்ளே கலகலவென்று சத்தம். காவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மரத் துண்டுகள், பகடை, அறுகோண அட்டைகள். "சூதாட்டமா?" என்றார். இவன் கட்டானின் சட்டதிட்டங்களை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்துவிட்டான். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். காவலர் அவசரப்படவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டியவர் ஒன்றில் நின்றார்.

"ஆடு இருக்கு. புலி எங்கப்பா?"