வடம் பிடித்த கைகள்

மார்ச் 14, மாத்தளை

தேர்த்திருவிழாவில் எடுத்ததையெல்லாம் இன்று கணினியில் ஏற்றி முடித்தேன். முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களையும் பலர் படம்பிடித்திருப்பார்கள். நான் இம்முறை வடத்தோடுதான் நடந்தேன். ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள், கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்களால் வடத்தை இறுக்கிப் பிடிக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நொடி ஓடிவிடுகிறது. அதை நின்று பார்க்கும்படி செய்ய வேண்டும்.

மார்ச் 15

கமராவில் எடுத்த வடக் காட்சிகள் நொடிக்கு 100 ஃப்ரேம். படத்தின் வேகம் 25. எனவே ஒரு நொடி நான்கு நொடியாக விரிகிறது, அத்தனை ஃப்ரேமும் உண்மையாக எடுத்தவை. டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் க்ளிப்பின் ஃப்ரேம் வேகத்தை 25 என்று மாற்றினேன், அவ்வளவுதான். தேருக்கு முன் சிதறு தேங்காய் உடைகிற காட்சியில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே பறக்கிறது. வெயில் நன்றாக இருந்ததால் ஷட்டரை 1/200க்கு மேலே வைக்க முடிந்தது.

ஆஸ்திரியாவில் ஆகஸ்ட் முஸ்கர் என்ற பாதிரியார் 1904இல் மெதுவியக்கத்துக்குக் காப்புரிமை பெற்றதும் இதே வழியில்தான்: வேகமாக எடு, மெதுவாக ஓட்டு.

இரவில் மண்டபத்துக்குள் எடுத்தவற்றில் மினுக்கம் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். அதனால் அங்கே 50 ஃப்ரேமும் 1/100 ஷட்டரும் வைத்திருந்தேன்.

மார்ச் 16

அத்தை தன் போனில் எடுத்ததை அனுப்பியிருக்கிறார். ஒரு கையில் வடம், மறு கையில் போன். அந்த இடத்தில் எந்தக் கமராக்காரனும் நின்றிருக்க முடியாது. ஆனால் அது 30 ஃப்ரேம். 83 சதவீத வேகம் வரை இருப்பதை வைத்தே ஓட்டலாம். அதற்கும் கீழே போனால் இல்லாத ஃப்ரேமை மென்பொருள்தான் உண்டாக்க வேண்டும்.

பாதி வேகத்தில் மூன்று வழிகளையும் பார்த்தேன். இருக்கிற ஃப்ரேமையே திரும்பக் காட்டினால் படம் தட்டுத்தட்டி நகர்கிறது. ஃப்ரேம் பிளெண்டில் இரண்டு ஃப்ரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது. ஆப்டிகல் ஃப்ளோ ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே போனது என்று கணித்து, நடுவில் இருந்திருக்க வேண்டியதை வரைகிறது. வானத்துக்கு எதிரே தேரின் தொம்பைகள் ஆடும் இடத்தில் அருமையாக வந்தது. அதே தொம்பை 108 அடி இராஜகோபுரத்தின் சிற்பங்களை மறைத்து விலகும்போது ஓரங்கள் நெளிகின்றன. ஒரு கை இன்னொரு கைக்குப் பின்னால் போகும் இடத்தில் விரல்கள் மெழுகாய் உருகுகின்றன. மறைந்திருந்தது என்னவென்று அதற்குத் தெரியாது, ஊகிக்கிறது.

மார்ச் 17

முடிவெடுத்தேன். அத்தையின் க்ளிப்பை வெட்டி வெட்டிப் பிரித்தேன். தேரும் வானமும் மட்டும் உள்ள துண்டுகளுக்கு ஆப்டிகல் ஃப்ளோ. கைகளும் முகங்களும் வரும் துண்டுகளுக்கு 83 சதவீதம், அதற்குக் கீழே வேண்டாம். ரிசால்வின் பணம் கட்டி வாங்கும் பதிப்பில் உள்ள ஸ்பீட் வார்ப் இன்னும் வழுவழுப்பாகத் தரலாம். ஆனால் வடத்தைப் பிடித்தவை அந்த விரல்கள். அவை அசையாத விதத்தில் அசைந்ததாகக் காட்ட எனக்கு உரிமையில்லை.

மார்ச் 18

2023 நடைபயணக் காட்சிகளையும் இதோடு சேர்க்கிறேன். மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டானதை நினைத்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்தது. பாதங்களை மட்டும் 50 ஃப்ரேமில் எடுத்திருந்தேன். பாதி வேகத்தில் குதிகால் தரையில் பதிவதும் விரல்கள் உந்தி எழுவதும் தெளிவாகத் தெரிகின்றன. இதில் மென்பொருள் ஊகித்தது எதுவுமில்லை.

தவிலையும் நாதஸ்வரத்தையும் மெதுவாக்கவில்லை. இழுத்தால் அடி கனத்துக் குழம்புகிறது. தனியே பதிந்த ஒலியை அதன் வேகத்திலேயே கீழே ஓடவிட்டேன்.

மார்ச் 19

அத்தையும் தோட்டத்துப் பெண்களும் வந்து பார்த்தார்கள். எந்தக் கை யாருடையது என்று பெயர் சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள். உருகிய விரலாக இருந்திருந்தால் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த மாசிக்குள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறேன். வடத்தருகே போனால் போனை 120 ஃப்ரேமில் வையுங்கள், பகல் வெளிச்சத்தில் எடுங்கள், கையை அசைக்காதீர்கள். அப்படி எடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகம் வரை ஊகமே வேண்டாம். நம் ஆட்களின் கைகளை நம் ஆட்களே முழுதாக எடுத்துவைக்கட்டும்.