சடையும் இல்லை, குப்பையும் இல்லை



நம்ம ஏரியா ஊர்ப் பெயர்களை என்றைக்காவது நிறுத்தி நிதானமா வாசிச்சுப் பார்த்திருக்கீங்களா? எண்ணூர் பக்கம் போனால் கத்திவாக்கம். திருவொற்றியூருக்கு மேற்கே சாத்தாங்காடு. மணலியைத் தாண்டினால் தீயம்பாக்கம், இடையஞ்சாவடி. போன லீவுக்கு மதுரையிலிருந்து வந்த என் மாமா பஸ் போர்டுகளைப் படித்துவிட்டு, "ஏம்மா, கத்தி இருக்கு, சாத்தான் இருக்கான், தீயவங்களும் இருக்காங்க. இதுல சாவடி வேற அடிப்பாங்களா? நான் இப்படியே ஊருக்குத் திரும்பிர்றேன்" என்றார். அம்மா சிரிச்சு சிரிச்சு குழம்பைத் தீய விட்டுட்டாங்க.

இதில் என் ஊர் சடையங்குப்பம். எப்படி இருக்கு பாருங்க!

ஆறாம் வகுப்பு முதல் நாள் மிஸ் எல்லாரையும் எழுப்பி பெயர், ஊர் கேட்டாங்க. நான் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சடை போட்ட குப்பையா மிஸ்?" வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் லேசா சிரிச்ச மாதிரி எனக்குத் தோணிச்சு. அன்று மதியத்துக்குள் என் பெயர் 'சடை' ஆகிவிட்டது. (எனக்கு அப்போ பாப் கட்டிங்!) அதிலிருந்து யார் கேட்டாலும் "மணலி புதுநகர்" என்று சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்து ஊர்தானே, பெரிய பொய்யா என்ன?

ஏழாம் வகுப்பில் தமிழம்மா ஊர்ப்பெயர் சேகரித்து வரச் சொன்னாங்க. அப்போதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. காலடிப்பேட்டையை எடுத்துக்குங்க. மெட்ரோவில் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் யாரோ சாமியின் காலடி பட்ட இடம் என்று நினைத்திருந்தேன். காலும் இல்லை, அடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்ற வெள்ளைக்காரர் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலட் பேட்டை நம்ம வாயில் காலடிப்பேட்டை ஆச்சு.

இதைவிட வேடிக்கை மயிலாப்பூர் பக்கம் நடந்திருக்கு. எங்க ஊர்ப் பக்கம் ஓடும் அதே பக்கிங்காம் கால்வாய் மேல் அங்கே ஹாமில்டன் பாலம் என்று ஒன்று. ஹாமில்டன் மக்கள் வாயில் அமட்டன் ஆகி, அம்பட்டன் ஆகி, கடைசியில் வெள்ளைக்காரனே அதை மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதிட்டானாம்! தன் ஆள் பெயரே அவனுக்கு அடையாளம் தெரியலை. இப்போ அது அம்பேத்கர் பாலம்.

வெளிநாட்டிலும் இந்தக் கஷ்டம் உண்டு. ஆஸ்திரியாவில் ஒரு குட்டி கிராமம். அதன் பெயர் இங்கிலீஷில் படு கெட்ட வார்த்தை. (இங்கே எழுதினால் எனக்கு டி.சி. கிடைக்கும்.) டூரிஸ்ட்டுகள் வந்து பெயர்ப் பலகையையே திருடிக்கொண்டு போனார்கள். தொல்லை தாங்காமல் 2021 ஜனவரி 1 முதல் பெயரை 'ஃபுகிங்' என்று மாற்றிக்கொண்டார்கள். அதைப் படித்தபோது எங்க ஊரும் மாத்தினா தேவலையே என்று நினைத்தேன்.

தமிழம்மாவிடம் அதைச் சொன்னேன். அவங்க திட்டலை. "சடையன்னா ஜடை இல்லம்மா, சடாமுடி வச்ச சிவன். சுந்தரரோட அப்பா பேரே சடையனார்தான். அந்த சுந்தரருக்கு நம்ம திருவொற்றியூர்லதான் சங்கிலியாரோட கல்யாணம். குப்பம்னா சின்ன ஊரு. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், நொச்சிக்குப்பம்னு கடலோரம் பூரா குப்பம்தானே?" என்றாங்க. சாத்தாங்காட்டில் இருப்பதும் சாத்தான் இல்லையாம், மணிமேகலை எழுதிய சாத்தனார் பெயரில் உள்ள அதே சாத்தன். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். எல்லாவற்றையும் அழகா நோட்டில் எழுதி பத்துக்கு ஒன்பது வாங்கினேன். ஆனாலும் வெளியே மணலி புதுநகர்தான்.

2023 டிசம்பர். நான் எட்டாவது. மிக்ஜாம் புயல். பூண்டி ஏரியைத் திறந்துவிட, கொசஸ்தலை ஆறு நிரம்பி எங்க தெருவுக்கு வந்துடுச்சு. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. ஆயாவைக் கட்டிலோடு தூக்கி மாடி வீட்டில் வைத்தோம். மூன்று நாள் பிஸ்கட்தான்.

ஸ்கூல் திறந்த அன்று என் பெஞ்ச் தோழி என்கூட பேசவே இல்லை. இன்டர்வலில் பிடிச்சு நிறுத்திக் கேட்டேன்.

"உன் வீடு எந்தத் தெருடி? நானும் எங்கப்பாவும் பிரெட்டு, தண்ணி கேன், மெழுகுவத்தி எல்லாம் எடுத்துக்கினு புதுநகர் பூரா முட்டித் தண்ணியில தேடினோம். அப்படி ஒரு பொண்ணே இங்க இல்லைன்னுட்டாங்க. எங்கப்பா பயந்துட்டாருடி."

எனக்குப் பேச்சு வரலை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் சடையங்குப்பம்" என்றேன். ரெண்டு வருஷமா ஒரே பெஞ்ச். வேற ஸ்கூலிலிருந்து ஏழாவதில் வந்து சேர்ந்தவள், அவளுக்குத் தெரியாது.

"இதுக்கா?" என்றாள். "நான் சாத்தாங்காடுடி. வந்த நாள்லேர்ந்து பசங்க என்னை சாத்தான்னுதான் கூப்பிடுறாங்க. நான் என்ன திருவான்மியூர்னா சொல்லிக்கினு திரியறேன்?"

அந்த பிரெட்டை அவங்க புதுநகரிலேயே யாரோ ஒரு பாட்டியிடம் கொடுத்துட்டு வந்தாங்களாம்.

இந்த வருஷம் பத்தாவது. ஜூனில் புது நோட்டுகளுக்கு அட்டை போட்டு, பெயர், வகுப்பு, ஊர் எழுதினேன். சடையங்குப்பம் என்று முழுசா, பெரிய எழுத்தில். அவள் எட்டிப் பார்த்தாள். என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி, 'ச'வுக்குப் பக்கத்தில் ரிப்பன் கட்டிய குட்டி சடை ஒன்று வரைந்தாள்.

ரப்பர் என்கிட்டதான் இருந்தது. அழிக்கலை.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி