கிளம்பாத வண்டி

கதை எழுதுகிறவனிடம் யாரும் தங்கள் சங்கடத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால், அதற்கு ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் உண்டாக்கிக் கொடுத்துவிடுவான். என் அக்காள் கணவர் அந்தத் தவற்றைச் செய்தார். அதன் பலனாக அக்காளின் இரண்டு வளையல்கள் தாம்பரத்தில் ஓர் அடகுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

மாமாவிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. டீசல் வண்டி. 2016-ஆம் வருஷத்துப் பொங்கலின்போது அதற்குப் பதினான்கு வயது. விடியற்காலை இரண்டரை மணிக்கு முடிச்சூரிலிருந்து கோயம்பேட்டுக்குப் போய்க் காய்கறி ஏற்றி, ஐந்தரைக்குள் தாம்பரம் மார்க்கெட்டில் இறக்குவார். ஆறு மணிக்கு வருகிற காய்க்காக எந்தக் கடைக்காரரும் காத்திருப்பதில்லை. வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார். ஒரு நாள் கூப்பிட்டவர் மறுநாளும் அந்த வண்டியையே கூப்பிடுவார். பிழைப்பு கைமாறுவதற்கு இரண்டு காலை போதும்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் என்னவோ சுறுசுறுப்பாகத்தான் சுழன்றது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பாட்டரி இறங்கியிருந்தால் வண்டி ஊமையாக இருக்கும், நாலு பேரைத் தள்ளச் சொல்லலாம். இதுவோ, எழுப்பினால் 'ஊம், ஊம்' என்று பதில் சொல்லிக்கொண்டே படுக்கையைவிட்டு எழுந்திருக்காத பிள்ளை மாதிரி படுத்தியது.

ஆறு வாரத்துக்கு முன்புதான் பெருவெள்ளம் வந்து போயிருந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் ஒரே நாள் கணக்கில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாற்றுத் தண்ணீர் வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் புகுந்தது. பஸ் போன சாலையில் படகு போயிற்று. மாமாவின் வண்டி பாதிச் சக்கரம் முழுகி நின்றது. அப்போது அவர் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்: சாவியைத் தொடவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால், காற்றை நெருக்குகிற மாதிரி தண்ணீரை நெருக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் வடிந்த பிறகு எல்லாவற்றையும் பார்த்து, ஆயில் மாற்றித்தான் வண்டியை எடுத்தார். அதன் பிறகு ஒரு மாதம் ஒழுங்காக ஓடிற்று. ஆனால் பயம் விடவில்லை. வீட்டு வாசலில் நிறுத்துவதை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்த ஆரம்பித்தார். வாசகர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

"என்ன தம்பி, இப்படிப் பண்ணுதே?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"மாமா, டாங்கியில் வெள்ளத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். பம்புக்குள் போனால் துருதான். பம்பைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்" என்றேன்.

சொன்ன சாஸ்திரத்தில் பிழை இல்லை. அது இந்த வண்டிக்குப் பொருந்துமா என்று மட்டும் நான் பார்க்கவில்லை. வெள்ளம் என்று அவ்வளவு பெரிய பாத்திரம் கண்ணெதிரே நிற்கும்போது, வேறொரு சின்ன ஆசாமியைக் குற்றவாளியாக்க எந்தக் கதாசிரியனுக்கு மனம் வரும்? கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனாக இருந்தாலும், குடும்பத்தில் படித்தவன் என்று எனக்கு ஒரு பெயர். நாலு பேர் எதிரில் சொன்னதால் அது தீர்ப்பாகிவிட்டது.

ஒரு பட்டறையில் வண்டியை விட்டார்கள். பட்டறையின் பெயர் வேண்டாம். அவர்கள் செய்தது நாங்கள் கேட்டதைத்தான். டாங்கியை இறக்கிக் கழுவினார்கள். பம்பைப் பிரித்துப் பூட்டினார்கள். பதினெட்டாயிரம் ரூபாய். அக்காள் ஒரு வார்த்தை பேசாமல் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். வண்டி அரைச் சுற்றில் கிளம்பிற்று. என் கீர்த்தி நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை பழைய 'ஊம், ஊம்'.

இப்போது பட்டறைக்காரர் புதுப் பம்பு போட வேண்டும் என்றார். காயலான் கடைக்காரர் ஒருவர் மாலையில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மாமா அன்றிரவு சாப்பிடவில்லை.

யாரோ சொல்லி, இரும்புலியூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் வேலை செய்யும் மேஸ்திரியிடம் போனோம். வண்டலூர்ப் பக்கம் முன்பு ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்ததல்லவா, அதில் வாலிபத்தில் வேலை பார்த்தவர். 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' கார் வந்து, எண்பதுகள் முடிவதற்குள் எல்லாம் நின்றுபோன பிறகு சொந்தமாக ஸ்பானர் பிடித்தவர். நான் வெள்ளத்திலிருந்து கதையை ஆரம்பித்தேன். அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, மாமா பக்கம் திரும்பினார்.

"சாயங்காலம் ஆஃப் பண்ணி உடனே போட்டா எடுக்குதா?"

"எடுக்குது."

"ராத்திரி பூரா நின்னா?"

"அப்பத்தான் மக்கர் பண்ணுது."

"எங்கே நிறுத்தறீங்க?"

"மேட்டுல."

"மூக்கு மேலே பாத்தா, கீழே பாத்தா?"

மாமா சிரித்துவிட்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை. "அதே இடத்துல அப்படியே நிக்கட்டும். காலைல நான் வரேன், அதுவரைக்கும் சாவி போடாதீங்க" என்றார்.

மறுநாள் இருட்டில் வந்தார். எல்லோரும் பானெட்டைத் திறக்கப் போனோம். அவர் பின்னால் போய்ச் சைலன்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தார். "போடுங்க." செல்ஃப் சுழன்றது. "புகை வருதா பாருங்க தம்பி." வரவில்லை. "டீசல் போய் எரியாம இருந்தா வெள்ளைப் புகையாவது வரணும். ஒண்ணுமே இல்லை. டீசலே போகலை." ஒரு காசு செலவில்லாமல் பாதி வழக்கு முடிந்தது.

பெட்ரோல் வண்டியில் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் பொறியே கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கினால், அந்த நெருக்கத்திலேயே 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடி சுடுவது தெரிந்திருக்கும். 1897-ல் ஜெர்மனியில் ஔக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டியது இந்தத் தத்துவத்தைத்தான். 1913-ல் அந்த மனிதர் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து காணாமற்போனார். அதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ கதை கட்டினார்கள். என் இனத்தவர்கள்.

மேஸ்திரி பில்டர்மேல் இருந்த சின்ன ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் ஸ்குரூவை இறுக்கினார். வண்டி கிளம்பிற்று. மாமா கும்பிட்டே விட்டார்.

"இதைத்தான் அவங்களும் பண்ணாங்க. காத்தை எடுத்தா எந்த வண்டியும் கிளம்பும். காத்து எப்படி உள்ளே வந்திச்சு?" என்றார் மேஸ்திரி.

அன்று இரவு டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சினைவிட உயரத்தில் ஒரு கேனைக் கட்டி, அதில் டீசல் ஊற்றி, அதிலிருந்து பில்டருக்குக் குழாய் கொடுத்தார். திரும்பி வரும் குழாயையும் அந்தக் கேனிலேயே விட்டார். எஞ்சினை ஒரு தரம் ஓட்டி நிறுத்தினார். வண்டி அதே மேட்டில், மூக்கு மேலே பார்த்தபடி நின்றது. விடியற்காலையில் சாவியைத் திருப்பிய உடனே பிடித்துக்கொண்டது. ஆக, பம்பு நிரபராதி. பதினெட்டாயிரம் ரூபாய் அபராதம் கட்டிய நிரபராதி.

மிச்சம் இருந்தது டாங்கிக்கும் பில்டருக்கும் நடுவே உள்ள குழாய். அதில் ஒரு முழம் ரப்பர். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மேஸ்திரி அதைக் கிளிப்பின் பக்கத்தில் மடக்கிக் காட்டினார். பாட்டியின் குதிகால் மாதிரி நுண்ணிய வெடிப்புகள்.

"ஓட்டை இருந்தால் ஒழுக வேண்டாமா?" என்று கேட்டேன்.

"இது உறிஞ்சற பக்கம். டீசல் வெளியே வராது, காத்துதான் உள்ளே போகும். ஓடும்போது கொஞ்சம் காத்து வந்தாலும் சமாளிச்சுக்கும். நின்னா, மூக்கு மேலே, டாங்கி கீழே. ராத்திரி பூரா டீசல் டாங்கிக்கே இறங்கிடும். கழுவின டாங்கியை ரொப்பினீங்களா?"

மாமா தலையாட்டினார். வழக்கமாக ஐந்நூறு ரூபாய்க்குத்தான் போடுவார். அன்று மட்டும் ரொப்பினார். டாங்கி நிறைந்திருந்ததால் அந்த நான்கு நாளும் டீசல் அதிகம் இறங்கவில்லை. வாசலில் சமதளத்தில் நிறுத்திய காலத்தில் கிழட்டு ரப்பரின் குட்டு வெளிப்படவில்லை. வெள்ளம் வண்டிக்குள் வரவில்லை. மாமாவின் மனசுக்குள் வந்து, வண்டியை மேட்டில் ஏற்றிவிட்டது.

ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் நூற்று நாற்பது ரூபாய். மேஸ்திரி கூலியாக முந்நூறு வாங்கிக்கொண்டார். கடைக்காரர்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை, மற்றவர்கள் வந்தார்கள்.

வளையல்கள் அந்த வருஷம் ஆடி மாதத்தில்தான் மீண்டன. வட்டிப் பணத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காள் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.