அன்று சொல்லாதது

அல் கூஸ் தொழிற்பேட்டையில் நாங்கள் இருந்த அறையில் எட்டுக் கட்டில்கள். ஒருநாள் இரவு, சீமெந்துத் தூசியோடு வந்த பெடியன் ஒருவன் கேட்டான்: "அண்ணை, நடிகனாய் வர என்ன செய்யோணும்?"

நாங்கள் சிரித்தோம்.

அதன்பிறகு அவன் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. படத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்ன யாரோ ஒருவரிடம் 'பதிவுக் காசு' என்று இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஏமாந்து வந்து நின்றான். ஊரில் தாய் பார்த்திருந்த காசு.

அன்று சொல்லாததை இன்று சொல்கிறோம், தம்பி. நடிக்கக் கூப்பிடுபவர் காசு தரவேண்டும், கேட்கக்கூடாது. கடவுச்சீட்டை எவரிடமும் பிணையாகக் கொடுக்காதே. உன் விசா முதலாளியின் பெயரில் இருக்கிறது. அனுமதி எடுக்காமல் இன்னொருவரிடம் கூலிக்கு நடித்தால் நாடுகடத்தலில் போய் முடியலாம். தூசிக்குள் வாயை மூடிக் கட்டு. குரல்தான் உன் முதல்.

வேலையை விடாதே. அல்லைப்பிட்டி அந்தோனிதாசன், எங்கள் ஷோபாசக்தி, பாரிஸில் கிடைத்த வேலைகளைச் செய்தபடிதான் எழுதினார், நடித்தார். அவர் நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது.

அதே 2015இல் அல் கூஸிலும், பழைய பண்டகசாலைகள் கலைக்கூடங்களாகிய அல்செர்கால் அவெனியூவில், 'த ஜங்ஷன்' என்றொரு சிறு நாடக அரங்கு திறந்தது. எங்கள் கட்டில்களிலிருந்து அது தூரமில்லை. அப்படியான இடத்தில் முதலில் கதிரை அடுக்கு, விளக்குத் தூக்கு, ஒத்திகை பார்.

அந்தப் பெடியன் இப்போது எங்கே என்று தெரியாது. இன்னொருவன் கேட்பான். அப்போது சிரிக்கமாட்டோம்.